புழுதிக்கு நடுவே ஒரு பம்ப்

திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகும் சாலையில் காலையில் ஒரு நடை போனால், நாட்டின் எந்தப் பக்கம் மழை பிடித்திருக்கிறது என்று ஓரளவு ஊகித்துவிடலாம். மழை இறங்கிய மாநிலத்தில் ஆழ்துளைக் கிணறு (போர்) போடும் வேலை நின்றுவிடும். அங்கிருந்த ரிக் வண்டிகள் ஊர் திரும்பி, சாலையோரப் பட்டறைகளில் மாஸ்ட்டைச் சாய்த்துப் படுத்துக்கொள்ளும். சக்கர மட்கார்டில் அப்பியிருப்பது மராட்டியத்துக் கரிசலா, சத்தீஸ்கர் செம்மண்ணா என்று பட்டறைப் பையன்களே சொல்லிவிடுவார்கள். அர்த்தநாரீசுவரர் மலைக்குக் கீழே இருக்கும் இந்தச் சிறிய நகரத்து வண்டிகள் துளை போடாத மாநிலம் அநேகமாக இல்லை.

ரிக் வண்டியில் வேலை செய்வது இரண்டு சக்திகள். ஒன்று காற்று. கம்ப்ரஸர் அழுத்தி அனுப்பும் காற்று ராடுகளின் வழியே இறங்கி, அடியில் இருக்கும் ஹேமரை அடிக்க வைத்துப் பாறையை நொறுக்கும். நொறுங்கிய மாவைத் துளைக்கு வெளியே தள்ளுவதும் அதே காற்றுதான். மற்றதெல்லாம் எண்ணெய். வண்டியைத் தூக்கி நிறுத்தும் ஜாக், மாஸ்ட்டை எழுப்பும் சிலிண்டர், ராடைச் சுழற்றும் மோட்டார், கீழே அழுத்தும் ஃபீட், வின்ச் எல்லாம் ஹைட்ராலிக். ஆக, இந்த வண்டி நாள் முழுக்கத் தன் கையாலேயே பாறை மாவை எழுப்பித் தன் தலையிலேயே கொட்டிக்கொள்கிறது. அந்த மாவில் ஒரு சிட்டிகைகூட அதன் எண்ணெய்க்குள் போகக் கூடாது.

நான் பாலிடெக்னிக்கில் ஹைட்ராலிக்ஸ் பாடம் நடத்துகிறவன். பழுது பார்க்கும்போது அமைப்பைத் தூய்மையாக வைத்திருக்க வேண்டும் என்பது பாடப் புத்தகங்களில் ஒரே வரியில் முடிந்துவிடும். தரையில் எபாக்ஸி பூசிய தொழிற்சாலைக்கு அந்த வரி போதும். நடுக்காட்டில், அடிக்கிற காற்றில், கழற்றிய பம்ப்பை எங்கே வைப்பது என்றே தெரியாத இடத்தில் அந்த வரியை எப்படிச் செய்து காட்டுவது? இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று பல வருட ஆசை. ஆந்திராவில் கல்யாணதுர்கம் பக்கம் ஒரு வண்டி பம்ப் போய் நிற்கிறது, கிளம்புகிறேன் என்று எனக்குத் தெரிந்த மெக்கானிக் சொன்னபோது, நானும் வருகிறேன் அண்ணா என்றேன்.

“வாங்க சார். ஆனா அங்க நான் சொல்ற எடத்துலதான் நிக்கணுமுங்க” என்றார். காரணம் அங்கே போன பிறகுதான் விளங்கியது.

அவருடைய பிக்கப்பின் பின்பக்கம் ஒரு சிறு பட்டறை. தார்ப்பாய்கள், தண்ணீர் கேன், மூடியுள்ள எவர்சில்வர் டிரேக்கள், பிளாஸ்டிக் பைச் சுருள், ஓ-ரிங் டப்பாக்கள். இவற்றுக்கு நடுவே அவரே செய்துகொண்ட ஃபில்டர் டிராலி: ஒரு சிறிய மோட்டார், ஒரு கியர் பம்ப், வரிசையாக இரண்டு ஃபில்டர். அந்த வண்டியில் இல்லாத ஒன்று எனக்கு உடனே கண்ணில் பட்டது. கொங்கு நாட்டில் எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் மூலையில் ஒரு சாக்கு பனியன் வேஸ்ட் இருக்கும். திருப்பூரில் துணி வெட்டும்போது விழும் துண்டுகளை எடைக்கு வாங்கி வந்து, கை துடைப்பதிலிருந்து இன்ஜின் துடைப்பதுவரை அதையே பயன்படுத்துவார்கள். மெத்தென்று இருக்கும், எண்ணெயை நன்றாக உறிஞ்சும், விலையும் மலிவு. இவர் வண்டியில் அது ஒரு துண்டுகூடக் கிடையாது.

“கை தொடைக்க அது நல்லதுங்க. வால்வைத் தொடைச்சா நூல் நிக்குமுங்க” என்றார். பின்னல் துணியின் வெட்டிய ஓரத்திலிருந்து உதிரும் இழை எண்ணெயில் கரையாது. போய் ஃபில்டரில் தேங்கும், அல்லது வால்வின் சின்னத் துளையை அடைக்கும். அதனால் அவரிடம் இருப்பது இழை உதிராத துடைப்புத் துணி. பாக்கெட்டிலிருந்து எடுத்தால் ஒரு முறைதான்; அழுக்கானதும் கை துடைக்கும் வேலைக்குத் தள்ளிவிடுவார்.

பம்ப்பை ஓசூரில் வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. அங்கே ஹைட்ராலிக் பாகங்களைப் பூட்டும் ஒரு தொழிற்கூடத்தில் அவருக்குப் பழக்கமான ஸ்டோர்ஸ்காரர் எங்களைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க அனுமதித்தார். அறைக்குள் காற்றழுத்தம் வெளியைவிடச் சற்றுக் கூடுதலாக வைக்கப்பட்டிருந்தது. கதவு திறந்தால் காற்று வெளியேதான் போகும், தூசி உள்ளே வராது. அட்டைப் பெட்டி எதுவும் உள்ளே போகக் கூடாது என்று அறிவிப்பு. அட்டையைக் கிழித்தால் நார் பறக்கும் என்பதால் பெட்டிகளை வெளியிலேயே பிரித்து, பொருளை மட்டும் பிளாஸ்டிக் கூடையில் உள்ளே அனுப்புகிறார்கள். கழுவி, உலர்த்தி, பூட்டி, சோதித்து முடிந்த ஒவ்வொரு பம்ப்பும் வெளியே வரும்போது அதன் எல்லா வாய்களிலும் பிளாஸ்டிக் மூடி இருந்தது.

எனக்குப் புதிதாக இருந்தது அடுத்து நடந்ததுதான். பாகங்கள் உள்ளே வரும்போது கழற்றிப் போடும் மூடிகள் ஒரு பெரிய டிரம்மில் கிடந்தன. மெக்கானிக் அதிலிருந்து ஒரு பை நிறையக் கேட்டு வாங்கினார். அரை இஞ்சு, முக்கால் இஞ்சு, ஒன்றரை இஞ்சு என்று அளவு பார்த்துப் பொறுக்கினார். ஒவ்வொரு முறை ஓசூர் வழியாகப் போகும்போதும் இதுதான் வழக்கமாம். வீட்டில் சோப்புத் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, ஜிப் பையில் அளவு வாரியாகப் போட்டு வைத்திருக்கிறார். பம்ப்புக்குக் கொடுத்த விலையைவிட அந்தப் பையைப் பற்றித்தான் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்.

பெங்களூரு நெரிசலைக் கடந்து தேவனஹள்ளிக்கு அப்பால் 44ஆம் எண் நெடுஞ்சாலை அகன்று விரிகிறது. இரவு. சிக்பள்ளாபூர் தாண்டி டீக்கடை ஒன்றில் நின்றோம். கடையின் பின்பக்கச் சுவரில் லாரிகள் கிளப்பிய தூசி விரலால் எழுதும் அளவுக்குப் படிந்திருந்தது. அதைப் பார்த்து அளவுகளைப் பற்றிப் பேச்சு வந்தது.

மனிதக் கண் வெறுமனே பார்க்கக்கூடிய மிகச் சிறிய துகள் சுமார் 40 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பிஸ்டன் பம்ப்பில் பிஸ்டனுக்கும் அது ஓடும் துளைக்கும் நடுவே உள்ள இடைவெளி 5 மைக்ரானிலிருந்து 40 மைக்ரான்வரை. கன்ட்ரோல் வால்வுக்குள் நகரும் ஸ்பூலுக்கு இன்னும் நெருக்கம். இடைவெளியைவிடப் பெரிய துகள் உள்ளே நுழையாது. மிகச் சிறியது எண்ணெயோடு ஓடிவிடும். இடைவெளிக்குச் சரியாகப் பொருந்துகிற துகள்தான் இரண்டு பரப்பையும் சுரண்டிக்கொண்டே போகும். அப்படிச் சுரண்டி எடுத்த உலோகத்தூள் அடுத்த சுரண்டலுக்கு ஆயுதம். அதாவது பம்ப்பைக் கொல்கிற துகளை யாரும் வெறும் கண்ணால் பார்ப்பதில்லை. துடைத்துவிட்டேன், பளிச்சென்று இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அவர் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறார்.

இதை அளக்க ஐஎஸ்ஓ 4406 என்று ஒரு தரக்குறியீடு உண்டு. ஒரு மில்லிலிட்டர் எண்ணெயில் 4, 6, 14 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் எத்தனை என்று எண்ணி மூன்று எண்களாகச் சொல்வார்கள். எண் ஒன்று கூடினால் துகள் ஏறத்தாழ இரட்டிப்பு. பிஸ்டன் பம்ப் உள்ள அமைப்புக்கு 18/16/13 என்பது பரவலாகச் சொல்லப்படும் இலக்கு: 4 மைக்ரானுக்கு மேல் 1,300 முதல் 2,500 வரை, 6-க்கு மேல் 320 முதல் 640 வரை, 14-க்கு மேல் 40 முதல் 80 வரை. ஒரு மில்லிலிட்டருக்கு இவ்வளவுதான். மெக்கானிக் இந்தக் கணக்கைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். புது டிரம்மைப் பிரித்ததும் வருகிற ஆயில் அந்த இலக்கில் இருக்குமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பெரும்பாலும் இருக்காது. ஆலையிலிருந்து டேங்கர், குழாய், டிரம் என்று கைமாறி வருவதற்குள் புது எண்ணெயும் அழுக்காகிவிடும். “அதானுங்க டிராலியத் தூக்கிட்டு அலையறேன்” என்றார்.

விடியும்போது பெனுகொண்டா. விஜயநகரம் வீழ்ந்த பிறகு அரசர்கள் வந்து உட்கார்ந்த கோட்டை மலை இடப்பக்கமோ வலப்பக்கமோ என்று தேடுவதற்குள் வண்டி கடந்துவிட்டது. அனந்தபூரிலிருந்து மேற்கே திரும்பியதும் நிலம் மாறிவிட்டது. செம்மண், அதில் அப்போதுதான் முளைத்த நிலக்கடலை, நடுநடுவே உருண்டைப் பாறைக் குன்றுகள். தென்மேற்குப் பருவமழையின் மேகம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே கொட்டித் தீர்ந்துவிட, மிச்சக் காற்று மட்டும் இங்கே வருகிறது. காற்றாலைகளை இந்தப் பக்கம் நிறைய நட்டிருப்பதும் அதனால்தான். மழை கொடுக்காத காற்று, ஆடி மாதத்தில் பகல் முழுக்கப் புழுதியைச் சுமந்துகொண்டு திரியும்.

ரிக் வண்டி ஒரு கடலைக் காட்டில் மாஸ்ட்டை இறக்கி நின்றிருந்தது. TN 34 என்று நெற்றியில் எண். டிரில்லர் நாமக்கல்காரர், மற்றப் பையன்கள் சத்தீஸ்கர், ஒடிசா. சப்போர்ட் வண்டியின் ராடு அடுக்குக்குப் பக்கத்தில் தார்ப்பாய் இழுத்துக் கட்டி அங்கேயே சமையல், அங்கேயே தூக்கம். நிலத்துக்காரர் தெலுங்கில் எங்களை விசாரித்துவிட்டு, பாதித் துளையில் நிற்கிறதே என்று கவலைப்பட்டார். மெக்கானிக் தெலுங்கிலேயே அவருக்குத் தைரியம் சொன்னார்.

பழுதின் வரலாறு சிறியது. சில வாரங்களுக்கு முன்பு வேறொரு மாநிலத்தில் பழைய பம்ப் உடைந்திருக்கிறது. அங்கே யாரோ ஒருவர் புதுப் பம்ப்பைப் பூட்டி, எண்ணெய் ஊற்றி, ஓட்டிக் காட்டிப் பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆயில் டேங்க்கைத் திறக்கவில்லை. லைனைக் கழுவவில்லை. உடைந்த பம்ப்பின் பித்தளைத் துணுக்குகள் டேங்க்கிலும் கூலரிலும் சிலிண்டர்களிலும் உட்கார்ந்திருந்தன. புதுப் பம்ப் அவற்றையெல்லாம் குடித்து, அதே வழியில் செத்தது. இந்த வட்டம் ரிக் தொழிலில் மிகச் சாதாரணம். முதல் பம்ப் வயதாகிப் போகும். இரண்டாவது பம்ப் போவதற்குக் காரணம் முதல் பம்ப்பை மாற்றிய விதம். ஹைட்ராலிக் பழுதுகளில் பாதிக்கு மேல் எண்ணெய் அழுக்கால் வருகிறது என்று பொதுவாகச் சொல்வோம். அந்த அழுக்கு வெளியிலிருந்து தானாக ஏறியது எவ்வளவு, பழுது பார்க்கும் கையோடு நுழைந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க யாரும் மெனக்கெடுவதில்லை. ஓடுகிற வண்டி மூடிய வண்டி. அதைத் திறப்பது நாம்தான்.

அன்று பகல் அவர் ஒரு நட்டைக்கூடக் கழற்றவில்லை. டிரில்லருக்குப் பொறுக்கவில்லை, முதலாளி போனில் கத்திக்கொண்டிருந்தார். காற்று ஓயட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, மெக்கானிக் கழுவும் வேலையைத் தொடங்கினார். வண்டியின் தண்ணீர் பம்ப்பால் மாஸ்ட், வால்வு பேங்க், டேங்க் மூடி, ஒவ்வொரு ஹோஸ் ஜாயின்ட் என்று கல்மாவு கரைந்து ஓடும்வரை. கழுவுவதிலும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. டேங்க் மேலிருக்கும் பிரீதர் மீதும், சிலிண்டர் ராடு வெளியே வரும் சீல் மீதும் நேராகத் தண்ணீர் பீய்ச்சவே இல்லை. அங்கே அழுத்தத்தோடு அடித்தால் அழுக்கைக் கழுவுவதற்குப் பதில் உள்ளே அனுப்பிவிடுவோம். அந்த இரண்டு இடத்தையும் துணியால் துடைத்தார்.

பிரீதரைக் கழற்றிக் காட்டினார். சிலிண்டர் நீளும்போது டேங்க்கில் எண்ணெய் மட்டம் இறங்கும். இறங்கிய இடத்துக்கு வெளிக்காற்று உள்ளே வரும். சிலிண்டர் சுருங்கினால் காற்று வெளியேறும். ராடு ஏற்ற இறக்கத்தின்போதெல்லாம் இந்த மூச்சு நடக்கிறது. காற்று உள்ளே வரும் வழியில் இருந்தது வெறும் கம்பி வலை மட்டுமே. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஃபில்டர் உள்ள பிரீதர் ஒன்றைக் கையோடு கொண்டுவந்ததிலிருந்து மாட்டினார்.

எண்ணெய் டிரம் தார்ப்பாய்க் கொட்டகைக்கு வெளியே நிமிர்ந்து நின்றது. மூடியின் மேல் முந்தின நாள் தூறலின் தண்ணீர். பகலில் சூடாகி டிரம் உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளும். இரவில் குளிர்ந்தால் மூடியின் இடுக்கு வழியாக மேலே தேங்கிய தண்ணீரை உறிஞ்சும். மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் இது நடக்கும். தண்ணீர் கலந்த ஆயில் மோராகிவிடும் என்பார்கள் பட்டறையில். அந்த டிரம்மை அவர் தொடவே இல்லை. கொட்டகைக்குள் படுக்கவைத்திருந்த இன்னொரு டிரம்மை, இரண்டு மூடிகளும் ஒரே கிடைமட்டத்தில் இருந்து எண்ணெயில் மூழ்கியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, நாளைக்கு இது என்றார்.

மறுநாள் இருட்டு பிரிவதற்குள் எழுந்தோம். காற்று இல்லை. வண்டியைச் சுற்றி நாலாபுறமும் தண்ணீர் தெளித்து மண்ணை அமர்த்தினார்கள். தண்ணீர் தேடித் துளை போடுகிற காட்டில் தரைக்குத் தண்ணீர் தெளிக்கிறார்களே என்று நிலத்துக்காரர் கொஞ்சம் மனம் வருந்தியது தெரிந்தது. ஆனால் தடுக்கவில்லை, தன் டிராக்டரை அன்று காலை அந்தப் பக்கம் ஓட்ட மாட்டேன் என்று அவராகவே சொன்னார். காற்று கிளம்பினால் வரக்கூடிய மேற்குப் பக்கத்தில் தார்ப்பாய்ச் சுவர் கட்டப்பட்டது. என்னைத் தார்ப்பாய்க்குக் கிழக்கே நிற்கச் சொன்னார். காற்று வரும் பக்கம் நின்றால் என் சட்டையிலிருந்தும் காலடியிலிருந்தும் கிளம்புகிற தூசி நேராகத் திறந்த வாய்க்குப் போகும்.

முதலில் அழுத்தத்தை விடுவித்தார். இன்ஜின் நின்ற பிறகும் லைனில் அழுத்தம் மிச்சம் இருக்கும். எல்லா லிவரையும் இரு பக்கமும் அசைத்து, கேஜ் முள் பூஜ்யத்துக்கு வந்ததைப் பார்த்த பிறகே ஸ்பேனரை எடுத்தார். கசிவை எக்காரணம் கொண்டும் கையால் தடவிப் பார்க்காதே, அட்டையைக் காட்டிப் பார் என்று சத்தீஸ்கர் பையன் ஒருவனுக்கு அரைகுறை இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். ஊசித் துளையில் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலோ கையோ போய்விடும்.

பிறகு நடந்ததைத்தான் நான் என் மாணவர்களுக்கு வரி வரியாகச் சொல்கிறேன். ஒரு ஹோஸின் நட்டைத் தளர்த்துவார். இடது கையில் மூடி தயாராக இருக்கும். ஹோஸ் விலகிய கணமே அதன் வாயில் ஒரு மூடி, பம்ப்பின் வாயில் ஒரு மூடி. இரண்டும் உட்கார்ந்த பிறகுதான் அடுத்த நட்டு. எந்த நேரத்திலும் ஒரு ஜாயின்ட்டுக்கு மேல் திறந்திருக்கவில்லை. அளவு கிடைக்காத ஒரு பெரிய வாய்க்குப் பிளாஸ்டிக் பையைப் போர்த்தி ரப்பர் பேண்ட் போட்டார். டிரில்லர் பழக்கத்தில் துணியைச் சுருட்டி வாயில் திணிக்கப் போனபோது கையைப் பிடித்துவிட்டார். அடைக்கத் திணித்த துணியை எடுக்க மறந்து அப்படியே பூட்டிய வண்டிகளை அவர் பார்த்திருக்கிறார்.

டேங்க்கைத் திறந்தபோது அடியில் பழுப்பு வண்டல், அதில் மினுமினுக்கும் பித்தளை. சக்ஷன் ஸ்ட்ரெய்னரின் வலை 149 மைக்ரான். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் தடையில்லாமல் பம்ப்புக்குள் போயிருக்கிறது. ரிட்டர்ன் ஃபில்டர் அடைத்துக்கொண்டு எத்தனை நாளோ. அடைத்தால் எண்ணெய் நின்றுவிடாமல் இருக்க ஃபில்டரில் ஒரு பைபாஸ் இருக்கும். அது திறந்துகொண்டால் அழுக்கு எண்ணெய் வடிகட்டப்படாமலே சுற்றும். அதைக் காட்டும் முள் சிவப்பில் நின்றிருந்தது, முள்ளின் கண்ணாடி மேல் கல்மாவு படிந்து யார் கண்ணுக்கும் தெரியாமல்.

வண்டலை வழித்து, டீசல் ஊற்றிக் கழுவி வெளியேற்றினார்கள். டீசலோடு நிறுத்துகிறவர்கள் அதிகம். இவர் சமையல்காரப் பையனைக் கூப்பிட்டு இரண்டு கிலோ கோதுமை மாவு பிசையச் சொன்னார். ரொட்டிக்குப் பிசைவதைவிடக் கொஞ்சம் கெட்டியாக, கையில் ஒட்டாத பதத்தில். அதை உருட்டி, டேங்க்குக்குள் கை நீட்டி, மூலைகளிலும் வெல்டிங் தையல்களிலும் அழுத்தி அழுத்தி எடுத்தார். துணி தள்ளிக்கொண்டு போகும் துகளை மாவு தன்னோடு எடுத்துக்கொள்கிறது, இழையும் விடுவதில்லை. முதல் உருண்டை சாம்பல் நிறத்தில் வெளியே வந்தது, மேலெல்லாம் பித்தளைப் பொடி. அடுத்தது அதைவிடக் குறைவு. ஓர் உருண்டை வெள்ளையாகவே திரும்பி வரும்வரை விடவில்லை. கடைசியில் மாவுத் துணுக்கு எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். அனல் மின் நிலையங்களில் டர்பைன் ஆயில் டேங்க்கை இதே முறையில் சுத்தம் செய்யும் வழக்கம் உண்டு. அடுப்படியிலிருந்து வந்த இந்த வேலைக்கு இணையான ஒரு கருவியை நான் எந்தக் கேட்டலாகிலும் பார்த்ததில்லை.

கூலரைக் கழுவவே முயலவில்லை, வேறொன்றை மாட்டினார். உள்ளே மெல்லிய வழிகள் பின்னிப் பின்னிப் போவதால் அங்கே உட்கார்ந்த துணுக்கு எளிதில் வெளியே வராது, வண்டி குலுங்கும்போது ஒவ்வொன்றாக விழும். இரண்டு ஹோஸ் புதிது. அனந்தபூரில் கிரிம்ப் செய்து வந்தவை. சாணைச் சக்கரத்தால் அறுத்த ஹோஸுக்குள் ரப்பர் பொடியும் கம்பித் தூளும் நிறைய இருக்கும். ஹோஸின் உள் அளவைவிடச் சற்றுப் பெரிய ஸ்பாஞ்ச் குண்டைக் காற்றுத் துப்பாக்கியில் வைத்து இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அடித்தார். கறுப்பாக வந்தது. மறுமுனையிலிருந்தும் அடித்தார். சுத்தமான குண்டு வந்த பிறகு மூடி. டெஃப்லான் டேப் சுற்ற எடுத்த பையனிடமிருந்து அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். முதல் இழையைத் தாண்டிச் சுற்றிய டேப் உள்ளே நறுக்குண்டு வால்வில் போய் மாட்டும். இந்த ஜாயின்ட்டுகளில் ஓ-ரிங்தான் அடைக்க வேண்டும்.

எண்ணெய் முழுவதும் டிராலி வழியாகவே டேங்க்குக்குப் போனது. வாளி, புனல் எதுவும் இல்லை. புதுப் பம்ப்பை இன்னும் பூட்டவில்லை. சுழற்சி மோட்டாரின் இரு லைன்களையும் ஒரு துண்டு ஹோஸால் இணைத்து, டிராலியாலேயே லைன்களில் எண்ணெயைச் சுற்றவிட்டார். பொறுமை வேண்டிய வேலை. சிறிய பம்ப்பின் ஓட்டம் லைனில் ஒட்டிய அழுக்கைக் கிளப்பப் போதாது என்பதால் லைன்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தனித்தனியே ஓட்டினார். சிலிண்டர்களில் பழைய எண்ணெயைத் தள்ளி, திரும்பி வந்ததை டேங்க்குக்கு விடாமல் வெளி டிரம்மில் பிடித்தார். வால்வு பேங்க்கை மட்டும் அங்கே பிரிக்க மறுத்துவிட்டார். ஸ்பூலை வெளியே இழுக்கிற இடம் காடு இல்லை என்பது அவர் முடிவு. அதில் குறை தெரிந்தால் முழுதாகக் கழற்றி, வாய்களை மூடி, திருச்செங்கோட்டுக்கு எடுத்துப் போவதாகச் சொன்னார்.

பிறகுதான் ஓசூர் பம்ப் பெட்டியிலிருந்து வெளியே வந்தது. அதன் மூடிகளைக் கழற்றியது கடைசிக் கணத்தில், ஒவ்வொன்றாக. பூட்டியதும் கேஸ் டிரெயின் துளை வழியாக வடிகட்டிய எண்ணெயை மெதுவாக நிரப்பினார். உள்ளே வறண்டு கிடக்கும் பிஸ்டன் பம்ப்பை அப்படியே சுழற்றினால் முதல் சில நொடிகளிலேயே தேய்ந்துவிடும். எண்ணெய் துளையின் விளிம்பில் குமிழி இல்லாமல் நின்ற பிறகு லைனை மாட்டி, இன்ஜினை ஒரு கணம் உதறி நிறுத்தி, மறுபடி உதறி, பிறகு ஐடிலில் ஓடவிட்டு, காதைப் பம்ப்பின் பக்கம் வைத்து நின்றார். காற்று இழுக்கும் கரகரப்பு எதுவும் வரவில்லை.

ஒன்பது மணிக்குள் காற்று கிளம்பிவிட்டது. அதற்குள் எல்லா வாய்களும் மூடிய வண்டியாகிவிட்டது அது.

பாதித் துளையில் ராடு மறுபடி இறங்கியது. வெள்ளைக் கல்மாவு துளையிலிருந்து எழும்பி மாஸ்ட் உயரத்துக்குப் பரவியது. பையன்கள் துண்டை மூக்கில் கட்டியிருந்தார்கள். இந்தப் பகுதியின் பாறையில் குவார்ட்ஸ் உண்டு. மோஸ் அளவில் அதன் கடினம் 7. பம்ப்பில் இருக்கும் பித்தளை 3. பித்தளையைச் சுரண்டுகிற அதே துகள் நுரையீரலுக்குள் போனால் சிலிக்கோசிஸ். எண்ணெய்க்கு இரண்டு ஃபில்டர் வைக்கிற தொழில் இந்தப் பையன்களின் மூச்சுக்கு ஒரு துண்டை மட்டும் வைப்பது எனக்கு ஆறவில்லை. காற்றோடு கொஞ்சம் தண்ணீர் சேர்த்து அடித்தால் மாவு பறப்பது வெகுவாகக் குறையும். நல்ல முகக்கவசம் பம்ப் விலையில் கணக்கிலேயே வராது. டிரில்லரிடம் சொன்னேன். தண்ணீர் பம்ப் வேலை செய்கிறது சார், போடலாம் என்று வால்வைத் திறந்தார். புகை தணிந்து சேறாக வழியத் தொடங்கியது. மாஸ்ட் சிலிண்டரின் குரோம் ராடை இறக்குவதற்கு முன்னால் துடைக்க வேண்டும், ராடு உள்ளே போகும்போது வைப்பர் சீல் தேய்ந்திருந்தால் மாவையும் இழுத்துக்கொண்டு போகும் என்று மெக்கானிக் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தச் சேற்றுக்கு நடுவில்தான்.

காலையில் போட்ட ரிட்டர்ன் ஃபில்டர் எலிமெண்ட்டை மாலையில் மாற்றி, பழையதைப் பிளேடால் கீறி, மடிப்புகளை விரித்து வெயிலில் பார்த்தோம். பித்தளைப் பொட்டுகள் இன்னும் சில இருந்தன. எதிர்பார்த்ததுதான் என்றார், இன்னொரு எலிமெண்ட் கொடுத்து, 50 மணி நேரம் ஓடியதும் மாற்றச் சொன்னார். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ரிட்டர்ன் லைனிலிருந்து சுத்தமான பாட்டிலில் ஒரு மாதிரி பிடித்துக்கொண்டேன். பிறகு 50 மணி நேரம் ஓடியபின் டிரில்லர் இன்னொரு பாட்டிலை ஊர் வரும் வண்டியில் கொடுத்தனுப்பினார். முதல் பாட்டில் 18/16/13-ஐ எட்டவில்லை. இரண்டாவது அதற்குள் வந்திருந்தது.

முடிவை முதலாளிக்கு மெக்கானிக் போனில் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். அந்த மாதிரி டிராலி ஒன்று செய்து கொடுக்க எவ்வளவு ஆகும் என்று அவர் கேட்டார். தொகையைச் சொல்லிவிட்டு, “வெக்கறதுக்கு சப்போர்ட் வண்டியில எடம் இருக்குதுங்களா?” என்று மெக்கானிக் கேட்டார். ராடு அடுக்குக்குக் கீழே இரண்டடி இருக்கும், அளந்து சொல்லச் சொல்கிறேன் என்றார் முதலாளி.